முப்பத்தெட்டாம் பக்கம் வரை

இரவு ஒன்பதுக்கு மேல்
சுவா சூ காங் நூலகத்தின் பின்னறையில்
என் வேலை ரப்பர்.
திரும்பி வரும் புத்தகங்களைப் புரட்டிப்
பென்சில் கீறல்களைத் தேய்க்க வேண்டும்,
மடங்கிய காதுகளை நிமிர்த்த வேண்டும்,
உள்ளே மறந்து வைத்ததை எடுத்து வைக்க வேண்டும்:
பல் மருத்துவரின் சீட்டு, பரிசு விழாத ஃபோர் டி,
ஒருமுறை, காய்ந்த கறிவேப்பிலை.

இந்தப் படக்கதை நாலாம் முறையாக வருகிறது.
பேருந்து ஓட்டும் பரிதியின் கதை.
ஆணென்று வளர்த்த வீட்டிலிருந்து
பெண்ணாக வேலைக்குக் கிளம்புகிற பரிதி.
பெயரை மட்டும் மாற்றவில்லை,
அது இரண்டு கரையிலும் செல்லும் என்கிறாள்.

பன்னிரண்டாம் பக்கத்தில் சாய்ந்த எழுத்து:
'பிள்ளைகள் கை எட்டும் தட்டிலா இது?'
தேய்த்தேன்.
பதினேழில் 'சீ'. அதற்குக் கீழே வேறொரு கை:
'உங்களை யார் படிக்கச் சொன்னது?'
இரண்டையும் தேய்த்தேன். எனக்குக் கட்சி இல்லை.
இருபத்தொன்றில், ஓட்டுநர் கண்ணாடியில்
பரிதி தன் முகத்தைப் பார்க்கும் கட்டத்தின் ஓரம்
எறும்பளவு எழுத்தில்
'நானும்'.
ரப்பரை வைத்தேன். எடுத்தேன்.
தே ஓ கலக்கப் போய்விட்டேன்.

போன வாரம் ஒரு பெண், கழுத்தில் பாலிடெக்னிக் பட்டை,
இதைத் திருப்பித் தருகையில் சொன்னாள்:
'அங்கிள், இதுல கடைசிவரைக்கும் அவ சாகல.
அதுக்காகவே மூணு தடவ படிச்சேன்.'
சாகாமல் இருப்பது ஒரு முடிவா என்று
நான் கேட்கவில்லை.
அவள் முகத்தைப் பார்த்தால் முடிவுதான்.

ஆனால் என்னை உட்காரவைத்தது நீலப் பேனா.
யாரோ, அவசரமே இல்லாமல்,
வந்தாள் என்று இருந்ததையெல்லாம்
வந்தான் ஆக்கியிருக்கிறார்.
சிரித்தான். ஓட்டினான். அழுதான்.
ஒவ்வொரு ளகரத்தின் மேலும் ஒரு னகரம்,
பரீட்சைத் தாள் திருத்துகிற அக்கறையோடு.
முப்பத்தேழு பக்கம், நூற்றுப் பன்னிரண்டு இடம்.
எண்ணினேன்.

முப்பத்தெட்டில் சொற்களே இல்லை.
பதினோராம் மாடி. சமையலறை ஜன்னல்.
அம்மா மூங்கில் கழியில் துணி கோக்கிறாள்:
அப்பாவின் சட்டை, ஒரு துண்டு,
பரிதியின் பூப்போட்ட பாவாடை.
கழியை வெளியே நீட்டுகிறாள்
புளோக் முழுக்கப் பார்க்கிற மாதிரி.
அவ்வளவுதான் படம்.
திருத்த ஒன்றும் இல்லை அதில்.

முப்பத்தொன்பதில்
'பரிதி வீட்டுக்கு வந்தாள்.'
பேனா மாற்றவில்லை.
ளகரத்தின் தலையில் ஒரு நீலப் புள்ளி மட்டும்,
முனையை ஊன்றிவிட்டு எடுத்ததுபோல.
அதற்குப் பின் எங்கும் இல்லை.

'மை அழியாது, கழித்துவிடலாம்' என்றார் ரொஹாயா.
நாளைக்கு என்றேன்.

அந்தப் பேனாவைக் குறை சொல்ல எனக்கென்ன தகுதி?
நான் அதைவிடக் கெட்டிக்காரன்.
மூன்று வருடமாக லிஃப்டில்
ஜெயசீலி மூத்ததைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம்
னகரமும் இல்லாமல் ளகரமும் இல்லாமல்
பதில் சொல்லித் தப்பியவன்.
சாப்பிட்டாச்சு. வேலை கிடைச்சிருச்சு.
புள்ள செம்பவாங்குல ரூம் எடுத்துத் தங்கியிருக்கு.
தமிழ் எவ்வளவு இடம் தருகிறது பாருங்கள்
ஒரு கோழைக்கு,
பெற்றதை
அஃறிணையில் ஒளித்து வைக்க.

இன்றும் பத்தரைக்கு லிஃப்ட் திறந்தது.
ஈரம் சொட்டும் மீன் பையோடு ஜெயசீலி:
'ஞாயித்துக்கெழம வருதா புள்ள?'
ஆறாம் மாடி. ஏழு.
பழக்கத்தில் என் வாய் 'வரு' என்று தொடங்கிவிட்டது.
எட்டு.
'வருவா' என்றேன். 'அல்லி வருவா.'
ஜெயசீலி எண்களைப் பார்த்தாள்.
ஒன்பதில் இறங்கினாள்.
இறங்கியவள் திரும்பி,
மூடப்போன கதவைக் கையால் பிடித்துக்கொண்டு,
'யாரு அல்லி?' என்றாள்.