ஓட்டிப் பார்த்தது

சுங்கை காடுட்டில்
மரக்கிடங்குகளுக்கு நடுவே
பதினோரு லாரிகள் வெயிலில் நின்றன.
ஒவ்வொன்றின் கண்ணாடியிலும்
மாதமும் வருடமும் எழுதிய அட்டை.
துருப் பிடிக்கும் முன்பே
சான்றிதழ் தீர்ந்து வண்டி சாகிற ஊர் இது.

தரகர் கோக் வெங்
வெள்ளை லாரியின் கதவைத் தட்டிக் காட்டினார்,
தர்பூசணி விற்பவர் போல.
இரண்டு டன் தாங்கும். எஞ்சின் நல்ல பிள்ளை.
ஐந்து வருடம் மூன்று மாதம் பாக்கி.
லிம் சூ காங்கில் என் நிலத்துக்கு
நான்கு வருடம் ஒரு மாதம்தான் பாக்கி.
அதை அவரிடம் சொல்லவில்லை.

சடையப்பன் அடியில் புகுந்து வந்தான்.
டயர் உட்பக்கம் தேய்ந்திருக்கு என்றான்.
ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தான்.
எஞ்சின்மேல் கைவைத்து,
"காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வெச்சிருக்காங்க அக்கா,
ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்க."
கோக் வெங்குக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் கைக்குட்டையைத் தேடினார்.

கேட்கவேண்டியதையெல்லாம்
ஒரு கீரை ரசீதின் முதுகில் எழுதி வந்திருந்தேன்:
லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்,
கூடை எத்தனை அடுக்கலாம்,
விடியுமுன் மூன்றரைக்குக் கிளம்பினால்
பாசிர் பாஞ்சாங் சந்தைக்கு
சாய்சிம் வாடாமல் போகுமா.
ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம்.
முன்னால் சடையப்பன், தரகர்,
நடுவில் தரகரின் ஃபைல்கள்.
"நான் பின்னால ஏறிக்கிறேன்" என்றேன்,
விளையாட்டாகத்தான்.

உட்கார்ந்தால் தகடு சுட்டது.
நின்றால் தார்ப்பாய் தலையில் அடித்தது.
குந்தினேன், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து.
கிராஞ்சி சாலை
என்னைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.
பின்னால் வந்த காரில், ஏசிக்குள்
ஒரு குழந்தை கையசைத்தது.
பதிலுக்கு அசைக்க எனக்குக் கை மிச்சமில்லை.

சிக்னலில் பிரேக்.
மெதுவாகத்தான் போட்டான்.
முட்டி கம்பியில் இடித்தது.

ஆறு வருடமாக என் பழைய லாரியில்
ஒன்பது பேர்
தங்குமிடத்திலிருந்து இப்படித்தான் வருகிறார்கள்.
நான் முன்னால் உட்கார்ந்து
மணி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எப்படி, என்றார் கோக் வெங்.
"எஞ்சின் நல்ல பிள்ளை. வேண்டாம்."

கடைசி வரிசையில்
கழுவாத ஒரு நீல இரட்டைக் கேபின்.
எட்டுக் கூடை குறையும்.
இரண்டாயிரம் வெள்ளி கூடுதல்.
முன்னும் பின்னுமாக ஆறு பேர்தான்;
மற்றவர்களுக்கு இன்னொரு நடை.
"டீசல் கட்டுப்படியாகாது அக்கா," என்றான் சடையப்பன்,
என் பணத்தை என்னைவிடக் கவனமாக எண்ணுகிறவன்.

சொல்லிக்கொண்டே பின்னிருக்கையில் ஏறினான்.
கதவைச் சாத்தினான்.
பெல்ட்டை இழுத்து மாட்டினான்.
கிளிக்.
கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை.

அட்டையைப் பார்த்தேன்: சரியாக நான்கு வருடம்.
நிலத்தின் கடைசி மாதத்துக்கு வண்டி இருக்காது.
அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று
ரசீதில் மிச்சமிருந்த இடத்தில்
முன்பணத்தை எழுதினேன்.