ஏழு காய் வரை

அம்பத்தூர் எஸ்டேட். இரவு இரண்டு பத்து.
உள்ளே ஏசிகள் மார்கழியைப் பிடித்து வைத்திருக்கின்றன,
அறையின் சூட்டையெல்லாம் சந்தில் கொட்டுகின்றன.
சந்து நாய் எழுந்து, இடம் மாற்றிப் படுக்கிறது.

பதினாலாம் ரேக்கில் யாரோ
வாடகைக்கு வைத்திருக்கிறார்கள்
சதுரங்கத்தின் கடைசிப் பக்கங்களை.
பலகையில் ஏழு காய் மிஞ்சட்டும்,
ராஜாக்களையும் சேர்த்துத்தான்,
அதன்பின் அதற்குத் தெரியாதது ஒன்றில்லை.
யோசிப்பதுகூட இல்லை. எடுத்துப் பார்க்கிறது,
ரேஷன் கடையில் பேரேடு புரட்டுகிற மாதிரி.

அதில் ஒரு நிலை:
ஐந்நூற்று நாற்பத்தொன்பதாம் நகர்வில் மேட்.
ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓட்டிப் பார்த்தேன்.
ராஜா வருகிறார், போகிறார்,
வியாசர்பாடியில் கதவெண் தேடும் கூரியர் பையன் போல
அதே கட்டத்தை நாலு தரம் கடக்கிறார்.
ஒரு நகர்வுகூடத் தப்பில்லை.
ஒன்றுகூட எனக்குப் புரியவில்லை.

"அப்ப முப்பத்திரண்டுக்கும் எப்ப?"
ஜெனரேட்டர் பார்க்கும் இஸ்ரவேல் கேட்கிறார்,
டீசல் வாசமடிக்கும் விரலால் குதிரையைத் தூக்கியபடி.

எட்டே இன்னும் முழுசாக முடியவில்லை, அண்ணே.
ஒரு காய் கூடினால் ரேக் அல்ல, தெரு கூடும்.
மணலுக்கு ஒரு நிலை என்று
எண்ணூரில் எழுத ஆரம்பித்தால்
கோவளத்தில் கடற்கரை தீர்ந்துவிடும்,
ஆட்டம் தொடங்கியே இருக்காது.
ஏழு பழுத்திருக்கிறது.
மற்றதெல்லாம் இன்னும் காய்தான்.

அவர் விடுவதாயில்லை.
"ஒரு நாள் முடிஞ்சுதுன்னு வை. என்ன பண்ணும்?"

முதல் சிப்பாய் நகரும் முன்னே
ஒரு சொல் சொல்லும்:
வெள்ளை. அல்லது கறுப்பு. அல்லது டிரா.
அநேகமாக டிரா.
பிறகு, கை இருந்தால், நீட்டும்.

"இதுக்கா இத்தன கரண்டு?"

என்றதும் கரண்டு போனது.
ஜெனரேட்டர் பிடிக்கப் பதினோரு நொடி.
பேட்டரியில் ரேக்குகள் பச்சையாய்ச் சிமிட்டிக்கொண்டிருந்தன,
ஒன்றையும் மறக்காமல்.
எங்கள் பலகைக்குத்தான் பேட்டரி கிடையாது.
இருட்டில் இஸ்ரவேல் சத்தமாக எண்ணினார்,
எட்டு, ஒன்பது,
டொக்கென்று மரத்தில் மரம் வைக்கும் ஓசை,
பத்து.

வெளிச்சம் வந்தபோது
நாலு கட்டம் கூடும் முக்கில் நிற்கிறது குதிரை.
இரண்டு கறுப்புக் கட்டம், இரண்டுக்கும் அதற்கு வழியுண்டு.
ஒன்றில் என் யானை போகும்.
மற்றதில் அவர் ராணி.

"எதுல வெச்சீங்க?"

"நீதான் சொல்லேன்" என்று
டீசல் அளவு பார்க்கப் போய்விட்டார்.