பதினோராவது புழு

ஐப்பசியின் மூன்றாம் மழை விட்ட மறுநாள்
பெரியபட்டினத்துக் கத்தரிக் கொல்லையில்
ஒரு சாண் தோண்டினேன்.
பதினொரு மண்புழு,
தொட்டதும் சுருண்டுகொண்ட ஒரு மரவட்டை,
எண்ணி முடியாத நீலம்.

வலையின் நீலம் அது.
கடலில் நண்டு பிடித்துக் கிழிந்து
கரையேறி
ஆட்டுக்கு வேலியாகி
எத்தனையோ கச்சானில் வெயிலில் பொரிந்து
இப்போது விரலில் தேய்த்தால்
மாவாக உதிர்கிறது.

ஆய்வகத்தில் புழுவுக்கு
நாலரை வோல்ட் போதும்.
முதுகுத் துளைகளில் மஞ்சள் நீர் கசியும்.
அதில்தான் இருக்கிறது
அதன் காவல் மொத்தமும்.
தடுப்பூசி போட முடியாத உடம்பு.
எது வந்தாலும்
விழுங்கிப் பார்க்கும் செல்கள்.

விழுங்கிக்கொண்டிருந்தன.
லென்ஸுக்கு அடியில் ஒன்று
ஓரங்களை நீட்டி நீட்டி
நீலத் துணுக்கை அணைத்து
உள்ளே இழுத்தது.
செரிக்கவில்லை.
துப்பவும் வரவில்லை.
கொல்ல வேண்டுமென்றால்
முதலில் அதற்கு உயிர் இருக்க வேண்டும்.
தொண்டையில் மீன்முள் சிக்கியவர்
வெறுஞ்சோற்றை உருட்டி உருட்டி விழுங்குவதுபோல
இன்னொரு துணுக்கு,
இன்னொன்று.

பிறகு ஒரு சொட்டு பாக்டீரியா விட்டேன்.
பக்கத்தில் போய் நின்றது அது.
பெரும்பாலான செல்கள் திரும்பவேயில்லை.
சில திரும்பின.
அதையும் நோட்டில் எழுதினேன்,
கொஞ்சம் பெரிய எழுத்தில்.

"வலையப் பிரிச்சிரலாமே" என்றேன்.
முத்துராக்கு குனிந்தபடியே
சொத்தைக் காயைத் தனியாகப் போட்டாள்.
"கருவ முள்ளு வெட்டிக் கட்ட
ஆளுக்கு எண்ணூறு கேக்குறான்.
இது கொழுந்தன் சும்மா குடுத்தது.
ஆடு உங்க நோட்டப் படிக்குமா?"

படிக்காது.
வலைக்கு அந்தப் பக்கம் நின்று
என்னைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தது,
வாய் ஓரத்தில் ஒரு நூலோடு.

பத்துப் புழுவுக்கு மின்சாரம் வைத்தேன்.
பதினோராவதுக்கு வைக்கவில்லை.
காரணம் கேட்டால்
பேட்டரி தீர்ந்துவிட்டது என்பேன்.

ஈரத் துணியில் சுற்றிக்
கொல்லைக்கே திரும்பக் கொண்டுவந்தேன்.
கொஞ்சம் தள்ளி விடலாம் என்று பார்த்தால்
தெற்கே நாலு எட்டு வைத்தாலே
உப்புப் பூத்த மணல்.
வடக்கே தார் ரோடு.
எடுத்த குழியிலேயே இறக்கினேன்.

மண்ணைத் தின்றால்தான் அதற்கு வழி.

தலையைக் கூர்மையாக்கி
இங்கும் அங்கும் தடவிப் பார்த்து
தின்னத் தொடங்கியது.