காலிதான் சார்

முள்ளோடையில் பாண்டிச்சேரி முடிகிறது.
கடைசி பிராந்திக்கடை,
அதையொட்டி ஒரு பஞ்சர் கடை, ஒரு மைல்கல்,
அப்புறம் தமிழ்நாடு.

ஞாயிறு ராத்திரி கடலூர்க்காரர்கள் வண்டி கட்டி வந்து
எல்லைக்கு அந்தப் பக்கமே குடித்து முடிக்கிறார்கள்.
வயிற்றில் இருந்தால் தாண்டலாம்,
பாட்டிலில் இருந்தால் வழக்கு.

திங்கள் விடியுமுன் டார்ச்சோடு போவேன்.
மதகுக் கட்டை மேல், சவுக்குத் தோப்பு ஓரம்,
கருவேல முள்ளுக்குள் கைவிட்டு.
பழுப்பு பீர் பாட்டிலுக்கு இரண்டு ரூபாய்,
பச்சைக்கு ஒன்று, குவார்ட்டருக்கு எட்டணா.
வாய் உடைந்தது கிலோக் கணக்கில் போகும்.
டின்களை அங்கேயே மிதித்துச் சப்பையாக்குவேன்,
எழுபது மிதித்தால் ஒரு கிலோ.
என் வலது செருப்புதான் எப்போதும் முதலில் தேயும்.

எங்கள் பக்கத்துக் கடை பாட்டிலில் சீட்டு ஒட்டியிருக்கும்,
திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய்.
இதற்குச் சீட்டில்லை.
பாண்டிச்சேரிப் பாட்டிலை எவனும் திரும்பச் சேர்ப்பதில்லை,
ரெட்டிச்சாவடி காயலாங்கடை ஆத்திலிங்கத்தைத் தவிர.

செக்போஸ்டில் தணிகாசலம் ஏட்டு
லத்தியால் மூட்டையைத் தட்டுவார்.
சத்தத்திலேயே தெரிந்துவிடும் அவருக்கு,
இருந்தாலும் கேட்பார்:
"என்ன அஞ்சலாட்சி?"
"காலிதான் சார்."
ஏழு வருஷமாக இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

போன திங்கள் முள்ளுக்கடியில்
தினசரித் தாளில் சுற்றி ஒன்று கிடந்தது.
கனம்.
மூடி திருகாத குவார்ட்டர்.
போலீஸ் விளக்கைப் பார்த்துப் பயந்து
எவனோ ஒளித்துவிட்டுப் போயிருக்கிறான்.

நூற்றி நாற்பது ரூபாய்.
என் மூட்டை மொத்தமும் அவ்வளவு தேறாது.

கடையில் திருப்பிக் கொடுத்தால்
எங்கே திருடினாய் என்பான்.
மடியில் கட்டிக்கொண்டு தாண்டினால்
வாங்க எங்கள் தெருவில் நாலு பேர் உண்டு.
ஒருவன் என் தம்பி.
கேட்ட விலை கொடுப்பான்.
கொடுப்பது
என் டப்பாவிலிருந்து எடுத்த காசாக இருக்கும்.

மதகில் உட்கார்ந்து திருகினேன்.
டிக் டிக்கென்று கழுத்து வளையம் அறுந்தது.
ஆயிரக்கணக்கில் பாட்டில் தொட்டிருக்கிறேன்,
இந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

கவிழ்த்தேன்.
மடக் மடக்கென்று தானே குடிப்பதுபோல் ஊற்றியது.
மண் குமிழி விட்டது.
ஒரு எறும்பு வரிசை நடுவில் அறுந்து,
கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்து,
வேறு வழி பிடித்துப் போனது.
கடைசிச் சொட்டு விழ வெகுநேரம் ஆயிற்று.
உதறினேன். மூட்டைக்குள் போட்டேன்.
இப்போது இதுவும் சட்டப்படிதான்.

ஏட்டு தட்டினார்.
பிறகு குனிந்து மோந்தார்.
"மூட்டை இன்னிக்கு மணக்குதே?"
"காலிதான் சார்."
என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.
"எங்க, ஊதிக் காட்டு."

ராத்திரி முழுக்க
தள்ளாடித் தாண்டிய ஆண்பிள்ளை ஒருத்தனையும்
அவர் ஊதச் சொன்னதில்லை என்று
பஞ்சர் கடைப் பையன் சொல்லியிருக்கிறான்.

ஊதினேன்.
ஒரு சாண் தூரத்தில் அவர் மூக்கு.
பல்பொடி வாசனை தவிர என்ன இருக்கும்?
மீசையைத் துடைத்துக்கொண்டு, "போ போ" என்றார்.
பின்னால் நின்ற பால்வண்டிக்காரன் சிரித்தான்.

ஆத்திலிங்கம் இரண்டிரண்டாய் எண்ணினார்.
டின்னைத் தராசில் போடுமுன் ஒவ்வொன்றாய் ஆட்டிப் பார்த்தார்.
சப்பையான டின்னுக்குள் மண் எப்படி இருக்கும்?
எனக்கு முன்னால் எவளோ போட்டிருக்கிறாள்,
நான் ஆட்டம் பார்க்கிறேன்.

"நூத்திப் பதினெட்டு அம்பது."
அந்த ஐம்பது காசு எதனுடையது என்று எனக்குத் தெரியும்.
சில்லறை இல்லை என்று
அதற்குப் பதில் ஒரு புளிப்பு மிட்டாய் தந்தார்.

வாயில் போட்டுக்கொண்டு நடந்தேன்.
கை மணத்துக்கொண்டே வந்தது.
வாசலில் தம்பி நின்றிருந்தான்,
சட்டென்று மூக்கை உயர்த்தி,
"அக்கா, என்ன கொண்டாந்த?"

மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கினேன்.
"காலிதான்டா."