புதன்கிழமைக்குள் திருப்பித் தரவேண்டிய முக்காலி

செபஸ்தியான் ஸ்டுடியோவில்
வீடியோ கேமராவுக்கு வைத்திருந்த முக்காலியைக் கேட்டபோது
"எந்த ஊர்க் கல்யாணம் மேடம்?" என்றான்.
பன்றிக்கு என்றேன்.
சிரிப்பு பாதியில் நிற்க,
"வியாழக்கிழமை ஒரு காதுகுத்து இருக்கு,
புதனுக்குள்ள வந்துடணும்" என்றான்.

கொள்ளிடத்தின் தென்கரை,
அணைக்கரைக்கு மேற்கே நாணல் அடைந்த படுகை.
மருதையனின் கரும்பு பாதிக்கு மேல் சாய்ந்து கிடக்கிறது.
கடலைக் கொல்லையை ஏர் பூட்டாமலே உழுதிருக்கிறது.
உத்தரவு என் பையில்.
கையெழுத்து, முத்திரை, வரிசை எண் எல்லாம் சரி.
சரியில்லாதது என் இடது கை.

போன மாதம் மண்டியிட்டு
முழங்கையை முட்டியில் ஊன்றித்தான் சுட்டேன்.
நாலு விரற்கடை பின்னால் இறங்கியது குண்டு.
'காயத்துடன் தப்பியது' என்று பதிவேட்டில் எழுதினேன்.
மூன்றாம் நாள் நாற்றம் வந்து சொன்னது
அது எங்கே போய்ப் படுத்ததென்று.
நாணலுக்குள், தண்ணீருக்குப் பத்தடி முன்னால், வாய் திறந்தபடி.
நாலு விரற்கடை.
சோறு பிசையும்போதெல்லாம் அளந்து பார்த்தேன்.

வண்டல் யாரையும் நேராக நிற்க விடுவதில்லை.
முதல் இரவு முக்காலி
கடை மூடிய பிறகு வீடு திரும்புகிறவன்போல்
மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது.
மருதையன் பெண்டாட்டி ராசகிளி
மூன்று கொட்டாங்கச்சி கொண்டுவந்து
காலுக்கு ஒன்றாகக் கவிழ்த்துப் போட்டாள்.
"ஆத்துமண்ணுல செருப்பு போட்டாத்தான் நிக்கும்."
நடுக்கொக்கியில் தண்ணீர்க் கேன் தொங்கியது.
மேலே, கேமரா உட்காரும் இடத்தில்
சைக்கிள் ட்யூபில் மணல் அடைத்துக் கட்டிய தலையணை.
துப்பாக்கியை அதன்மேல் கிடத்தினேன்,
தூளியில் பிள்ளையைப்போல என்று எழுத வருகிறது.
எழுதக்கூடாது.
இரும்பை மணல்மேல் வைத்தேன், அவ்வளவுதான்.

கண்ணாடிக்குள் பார்த்தேன்.
இத்தனை நாள் நாணல் முழுக்க மேய்ந்துகொண்டிருந்த கூட்டல் குறி
ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கியிருந்தது.
அந்த நாணயமும் துடித்தது.
காற்றில்லை. கால்கள் அசையவில்லை.
எண்ணிப் பார்த்தேன், என் நாடி.
மூச்சைப் பாதியில் நிறுத்தலாம்.
இதற்கு எங்கே கொட்டாங்கச்சி வைப்பது?

செவ்வாய் பின்னிரவு, இரண்டே முக்கால்.
நிலா தேய்ந்து எழுந்திருந்தது.
கரும்பு பேச்சை நிறுத்தியது.
முதலில் தாய் வந்தது.
பின்னால் வரிவெள்ளரிப் பிஞ்சுபோல் ஐந்து குட்டி.
கூட்டல் குறி அதன் தோளில் போய் நின்றது, நன்றாக நின்றது.
முன்பென்றால் தவறவிட்டுக் கை நடுங்கியது என்பேன்.
மருதையன் நம்புவான். நானும் நம்புவேன்.
அந்தச் சலுகையை மூன்று கால்களும் பிடுங்கிக்கொண்டன.
இனிச் சுடாவிட்டால் சுடாதது நான்.
சுடவில்லை.
முதுகுக்குப் பின்னால் மருதையன்
ஒரு கெட்ட வார்த்தையை விழுங்கும் சத்தம் கேட்டது.

அப்புறம் வெகுநேரம் கொசு.

பிறகு அது வந்தது,
கோரைப்பல் ஒன்று முறிந்த கிழட்டு ஆண்.
நூறு தப்படியில் பக்கவாட்டில் நின்று
காற்றை மோந்தது.
முன்காலுக்கு மேலே, தோளின் மடிப்பு.
நாணயம் துடித்தது, அடங்கியது, துடித்தது.
இரண்டு துடிப்புக்கு நடுவே
வரப்பில் ஒரு கால் வைக்குமளவு இடம் உண்டு.
அங்கே விசையை இழுத்தேன்.

நின்ற இடத்திலேயே விழுந்தது.
இந்த முறை நாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.
அக்கரையில் ஆள்காட்டி மட்டும்
யாரையோ விடாமல் காட்டிக்கொடுத்தது.
ராசகிளி டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து
"முழிச்சிக்கிட்டே கெடக்கு" என்றாள்.
கண் திறந்திருக்கும், அவ்வளவுதான் என்றேன்.
இருந்தும் எழுந்து போனேன்.
குனிந்து தொட்டபோதுதான் தெரிந்தது
தோள்வரை ஆடிக்கொண்டிருந்தது என் இடது கை.

புதன் மதியம் முக்காலியைக் கழுவிக் கொண்டுபோனேன்.
செபஸ்தியான் கால்களை நீட்டி மடக்கிப் பார்த்தான்.
ஒரு மூட்டிலிருந்து காய்ந்த வண்டல் கொஞ்சம்
கடைத் தரையில் உதிர்ந்தது.
"ஆடலையே மேடம்?"
"அது ஆடல" என்றேன்.