ஆறாவது கட்டம்

இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?
ஆறாவது கட்டத்தில் கேட்டிருந்தது.
ஒரு விரற்கடை இடம்.
அதற்குள் இருபத்தேழு வருஷம்.

பித்தோம் நகரத்து ஓய்வூதிய அலுவலகம்,
டோக்கன் எண்பத்துமூன்று.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சட்டையில் பெயர் குத்திய வியோலெட்டா
"மனைவியா?" என்றாள்.
இல்லை.
"உடன்பிறந்தவரா?"
இல்லை.
"அப்படியானால் உங்களை எந்தக் கோப்பில் வைப்பது?"
குரலில் கோபமில்லை.
உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

நான் கொண்டுபோனது ஒரு பூட்ஸ் பெட்டி.
சுரங்கத்துச் சம்பளச் சீட்டுகள்,
விளக்கறையில் கொடுத்து வாங்கும் பித்தளை வில்லை,
நுரையீரல் எக்ஸ்ரே நாலு,
வருஷாவருஷம் அதில் வெள்ளை கொஞ்சம் கூடிக்கொண்டே போகும்.
அவன் பெயரும் என் பெயரும் சேர்ந்திருந்த ஒரே தாள்
சலவை இயந்திரத்தின் உத்தரவாத அட்டை.
அதன் காலமும் முடிந்திருந்தது.

எங்கல்பெர்ட் போனது முப்பதாம் தேதி விடிகாலை.
ஐந்தாம் தேதி தபால்காரர் ஸெனோன் பென்ஷனோடு வந்தார்.
அவருக்குத் தெரியும்,
வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டார்.
இருந்தாலும் வழக்கம்போல மேசைவிரிப்பின் மேல்
ஸ்லோட்டி நோட்டுகளை எண்ணி வைத்தார்.
"அவர்கள் அப்புறம்தான் திருப்பிக் கேட்பார்கள், வூட்சியா.
குழி வெட்டுகிறவன் இன்றைக்கே கேட்பான்."
கேட்டார்கள்.
ஏழு வாரம் கழித்து, பதிவுத் தபாலில்.
அதையும் ஸெனோன்தான் கொண்டுவந்தார், முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.
திருப்பிக் கட்டினேன்.
கட்டுவதற்கும் ஒரு கட்டணம் இருந்தது.

எடெல்ட்ராவ்டா எண்பத்தொன்பதில் ஜெர்மனிக்குப் போனவள்,
இரண்டு பெட்டி, ஒரு தையல் இயந்திரத்தோடு.
விவாகரத்து என்று யாரும் காசு செலவழிக்கவில்லை.
நாங்கள் மறந்துபோனதைச் சட்டம் ஞாபகம் வைத்திருந்தது.
பென்ஷன் யாருக்காவது உண்டென்றால் அவளுக்குத்தான்.

போன் செய்தேன்.
ஹாம் நகரத்தில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது.
விஷயத்தைச் சொன்னதும் நெடுநேரம் சத்தமில்லை.
அப்புறம் கேட்டாள்,
"தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பானே,
கடைசிவரை இருந்ததா?"
இருந்தது என்றேன்.
"பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்துவிடும்" என்றாள்.
இப்போதும் ஒரு நாய் இருக்கிறது என்றேன்.
சிரித்தோமா என்று நினைவில்லை.

திருமணச் சான்றிதழ் வந்தது.
கூடவே முப்பது யூரோ, பூவுக்கு.
அடக்கச் செலவுப் பணம் மட்டும் ரசீது வைத்திருப்பவருக்கு,
அங்கே உறவு பார்ப்பதில்லை என்று வியோலெட்டா சொல்லியிருந்தாள்.
சவப்பெட்டி, வண்டி, குழி, சாமியார்,
எல்லாவற்றையும் தேதிவாரியாகக் குண்டூசியில் கோத்தேன்.
பூ ரசீதை மட்டும் சேர்க்கவில்லை.
அது அவள் பூ.

உறையில் இன்னொன்றும் இருந்தது.
கீழே கையெழுத்து மட்டும் போட்ட வெற்று விண்ணப்பம்.
போலிஷ் எழுத்து கைக்கு வருவதில்லையாம்,
நீயே நிரப்பிவிடு என்று ஒரு துண்டுச் சீட்டு.
ராத்திரி அவனுடைய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
உட்கார்ந்தேன்.
அவள் பிறந்த தேதி.
அவள் வங்கிக் கணக்கு, இருபத்திரண்டு இலக்கம், இரண்டுமுறை சரிபார்த்தேன்.
ஆறாவது கட்டம்.
என் கையால், அடித்தல் திருத்தல் இல்லாமல்,
மனைவி.

வியோலெட்டா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
"கையெழுத்து ஒருவர், எழுதியவர் வேறொருவர்."
நான்தான் எழுதினேன்.
"நீங்கள்..."
பேனா அந்தரத்தில் நின்றது.
அவனுடைய புறாக்களுக்குத் தீனி போடுகிறவள், என்றேன்.
நாற்பத்தொரு பந்தயப் புறா.
சங்கத்துச் செயலாளர் கின்டர் போன வாரமே
பேரேட்டில் அவன் பெயரை அடித்து என் பெயரை எழுதிவிட்டார்.
எல்லாக் காலிலும் வளையம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

விண்ணப்பத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்தாள் வியோலெட்டா.
எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது, படிக்க முடியவில்லை.
முத்திரை விழுந்தது.
எண்பத்துநான்காம் எண் என் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

வெளியே தூறல். டிராமுக்கு இன்னும் ஒன்பது நிமிஷம்.
மூலைக் கடையில் பட்டாணி ஐந்து கிலோ வாங்கினேன்.
ரசீது வேண்டுமா என்றான்.
வேண்டாம்.