எதிர்பாராத கோப்பு முடிவு

அறுபத்தெட்டு விழுக்காட்டில் நின்றுவிட்டது.
மூன்றாம் முறை.
புக்கிட் பாத்தோக், பன்னிரண்டாம் மாடி,
நள்ளிரவு தாண்டி ஒன்றேகால்.
சிவப்பில் ஒரே வரி:
எதிர்பாராத கோப்பு முடிவு.

எதிர்பார்த்த முடிவென்று
எதைத்தான் கண்டேன் இதுவரை.

யாரும் காசு தராத வேலை.
தமிழ்ப் பிழைதிருத்தி.
வல்லினம் மிகுமா மிகாதா என்று
நாலு நாட்டில் ஆறு பேர்
ஓய்வு நேரத்தில் சண்டைபோட்டு வளர்க்கும் நிரல்.
எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம்,
உடைந்தால் மட்டும்
கடைசியாகத் தொட்டவன் பெயரைக் காட்டும்.
கடைசியாகத் தொட்டவன் நான்.

முதலில் மற்றவர்களைச் சந்தேகித்தேன், வழக்கம்போல.
கம்பைலர் பழசு.
வட்டில் இடமில்லை.
நினைவகச் சில்லைக் கழற்றிப்
பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன்.
ரவுட்டரை அணைத்து முப்பதுவரை எண்ணினேன்.
ஸ்டாவாங்கரிலிருந்து இளமாறன் எழுதினான்:
"சுத்தம் பண்ணிட்டு மறுபடி கட்டிப் பார்."
பண்ணினேன்.
அறுபத்தெட்டு.

அப்புறம்தான் சரிபார்ப்புத் தொகை ஞாபகம் வந்தது.
அறுபத்துநான்கு எழுத்து.
அவர்கள் தந்தது ஒன்பதில் தொடங்கியது,
என்னுடையது மூன்றில்.
பத்துப் பொருத்தமும் பார்ப்பானேன்.

சொற்பட்டியலைத் திறந்து அடிக்குப் போனேன்.
கடைசி வரி
யாத்தி
அடுத்துக் கறுப்புச் சாய்சதுரம்,
அதனுள் ஒரு கேள்விக்குறி.
ஒரு ரகரத்துக்கு மூன்று பைட்.
இரண்டு வந்து சேர்ந்து
மூன்றாவதற்காகக் காத்து நிற்கின்றன.
அதற்கப்பால் யாழ் இல்லை, ராத்திரி இல்லை,
வீடு இல்லை, வெயில் இல்லை,
ஹகரத்தில் தொடங்கும் ஒரு சொல்லும் இல்லை.

பாதியை முழுதென்று நம்பி
இடைச்சேமிப்பில் பத்திரமாக வைத்திருக்கிறது என் மடிக்கணினி.
கேட்கும்போதெல்லாம்
வெளியே போய்ப் பாராமல்
அதையே எடுத்து நீட்டியிருக்கிறது.
பொய் சொல்லவில்லை, பாவம்.
தன்னிடம் இருந்ததைத் தந்தது.

கோப்பின் நேரம்: வியாழன், மாலை 6.47.

வியாழன் 6.47
ஹில்வியூ நிலையம்.
இறங்குகிற அவசரத்தில் மூடியைச் சாத்தியவன் நான்.
பியூட்டி வோர்ல்டில் ஜெசிமாவிடம் ஒன்று கேட்டிருந்தேன்,
மூன்று வருடமாகக் கேட்க நினைத்தது.
சுரங்க இருட்டு ஓடும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு
அவள் பேசாமல் இருந்தாள்.
நான் நடைமேடையில் கால் வைத்ததும்
உள்ளிருந்து ஏதோ சொன்னாள்,
கதவு மூடும் மணியோசையில் எனக்குக் கேட்டது:
"மறந்துடா"

எட்டு நாளாக மறந்துகொண்டிருக்கிறேன்.
அவள் பெயரைப் பார்த்தால் கைப்பேசியைக் கவிழ்க்கிறேன்.
அந்த ஒற்றைச் சொல்லை
எத்தனை முறை ஓட்டினாலும்
அதே இடத்தில் அதே வலி.

இடைச்சேமிப்பை அழித்தேன்.
மூலத்திலிருந்து மறுபடி இறக்கினேன், மூடியைத் தொடாமல்.
ஒன்பதில் தொடங்கியது தொகை.
மீதி அறுபத்துமூன்றையும்
விரல் வைத்துப் படித்தேன், பேராசைக்காரனாக.

கட்டுமானத்தை ஓடவிட்டு
இரண்டே முக்காலுக்கு அவளுக்கு எழுதினேன்:
"ஹில்வியூவில் நீ கடைசியாகச் சொன்னது
மறந்துடா-வா, அதற்குப் பின்னும் ஓர் எழுத்து உண்டா?"

உறங்கியிருப்பாள் என்றுதான் அனுப்பினேன்.
உறங்கவில்லை.

"மறந்துடாதே.
குடையைச் சொன்னேன், மடையா.
என்கிட்டதான் இருக்கு."

கேட்ட கேள்விக்கு அதில் ஒன்றுமில்லை.
கீழே,
ஜெசிமா எழுதுகிறார் என்று
மரியாதை குறையாமல் காட்டுகிறது செயலி.
நிற்கிறது. மறுபடி காட்டுகிறது.

திரையில் அறுபத்தொன்பது.